கோட்டுக்கு யார் காவல்?

கூடைப்பந்தில் பந்து வெளியே போனால் நடுவர் இரண்டு கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லியாக வேண்டும். பந்து வெளியே போய்விட்டதா? போனது என்றால் கடைசியாகத் தொட்ட கை யாருடையது? வாலிபாலில் முதல் கேள்வியைப் பார்த்துக்கொள்ள மூலையில் கொடியோடு ஆள் நிற்கிறார். டென்னிஸில் அந்த வேலை கேமராவுக்குப் போய்விட்டது. 2025இல் விம்பிள்டன்கூட தன் கோட்டு நடுவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கூடைப்பந்தில் லைனுக்கென்று தனி ஆளை யாரும் நியமிப்பதில்லை. நியமித்தாலும் பெரிய பயன் இராது. ஓரத்தில் நிற்பவருக்குப் பந்து வெளியே விழுந்தது தெரியும். அதற்கு முன் நான்கு கைகள் மோதியதில் எந்த விரல் கடைசியாகப் பட்டது என்பது ஆட்டத்துக்குள் கண்ணை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே ஃபவுல் பார்க்கிற கண்ணே லைனையும் பார்க்கிறது. இரண்டு பேர், அல்லது மூன்று பேர். எந்த லைன் யாருக்கு என்று அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். பார்வையாளருக்கு இந்தப் பிரிவினை தெரிவதே இல்லை. சரியாக நடந்தால் தெரியவும் கூடாது.

திண்டுக்கல் ஊரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் நாற்பது ஆண்டுகளாக ஓரமாக நின்று இதைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அடுத்தவர் லைனில் விசில் ஊதாமல் இருக்க நம் நடுவர்கள் கற்றுக்கொண்டதுதான் இங்கே நடந்த மாற்றங்களில் பெரியது. சிமெண்ட் தரை, கண்ணாடிப் பலகை, எண் காட்டும் போர்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எண்பதுகளில் இங்கே கூடைப்பந்து என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து மண் தரை. 1985 செப்டம்பர் 15இல் தனி மாவட்டம் ஆகும்வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. மாவட்டப் போட்டி என்றால் பையன்கள் மதுரைக்கு பஸ் ஏறுவார்கள். ஊருக்குள் புனித மரியன்னை பள்ளி, டட்லி பள்ளி போன்ற பழைய மிஷன் பள்ளிகளுக்கு விரிந்த மைதானம் இருந்தது. வெளியே வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர் பக்கம் போனால் வேப்ப மரத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அதுதான் கோர்ட். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் அளவு இன்று 28 மீட்டருக்கு 15. பழைய கோர்ட்டுகளில் 26க்கு 14 இருந்தாலே நல்ல கோர்ட் என்பார்கள். சுவரே பேஸ் லைனாக இருந்த கோர்ட்டில் லே-அப் போட்டவன் சுவரில் இரண்டு கையையும் ஊன்றித்தான் நிற்பான்.

காலையில் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளால் லைன் போடுவார்கள். முதல் பாதி முடிவதற்குள் பாதி லைன் காற்றோடு போய்விடும். இடைவேளையில் ஒரு பையன் தகர டப்பாவோடு ஓடிவந்து மறுபடி தூவுவான். அவன் கை சற்று நடுங்கினால் இரண்டாம் பாதியில் கோர்ட் அரை அடி அகலமாகிவிடும். இதைக் குறை சொல்லும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சுண்ணாம்பு சாட்சி சொன்னது. லைனை மிதித்தால் தூளில் தடம் விழும். காலடியிலும் வெள்ளை ஒட்டும். “காலைத் தூக்குடா” என்று பி.டி. சார் பாதத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்ன ஆட்டங்கள் உண்டு. இன்றைய பெயிண்ட் லைன் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஐந்து சென்டிமீட்டர் அகல வெள்ளைப் பட்டையில் குதிகால் பட்டதா இல்லையா என்பதை அந்த நொடியில் பார்த்த கண் மட்டுமே சொல்ல முடியும்.

கூடைப்பந்தில் லைன் கோர்ட்டைச் சேர்ந்தது இல்லை. மிதித்தால் அவுட். வாலிபாலிலும் ஷட்டிலிலும் லைனில் விழுந்தால் உள்ளே. நம் பக்கம் வாலிபால் பார்த்துப் பழகிய கூட்டம் அதிகம் என்பதால், கூடைப்பந்து நடுவர் லைனை மிதித்ததற்கு விசில் ஊதும்போதெல்லாம் “லைன்தானே சார், உள்ளதானே” என்று இன்றைக்கும் ஒரு குரல் எழும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பந்து லைனுக்கு மேலே காற்றில் கடந்தவுடன் “அவுட்” என்று கத்துவார்கள். பந்து எவ்வளவு வெளியே பறந்தாலும், வெளியே உள்ள தரையையோ ஆளையோ பொருளையோ தொடும்வரை ஆட்டம் உயிரோடுதான் இருக்கிறது. ஆட்டக்காரருக்கும் அப்படியே. உள்ளேயிருந்து எகிறியவர் காற்றில் இருக்கும்வரை உள்ளேதான். கால் வெளியே பதிவதற்குள் பந்தை உள்ளே தட்டிவிட்டால் அவர் செய்தது மீட்பு. அந்த அரை நொடி பொறுக்கத் தெரியாத விசில்கள் அன்று நிறைய.

அன்று விசில் ஊதியவர்கள் இரண்டு பேர். உள்ளூர்ப் பள்ளியின் பி.டி. சார் ஒருவர், வந்த அணியின் பி.டி. சார் இன்னொருவர். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலோ காரைக்குடி அழகப்பாவிலோ படித்து வந்தவர்களுக்கு விதிப்புத்தகம் மனப்பாடம். ஆனால் இரண்டு நடுவர்கள் கோர்ட்டை எப்படிப் பங்கிட வேண்டும் என்பது விதிப்புத்தகத்தில் இல்லை. அதற்குத் தனிக் கையேடு, தனிப் பயிற்சி. அது இங்கே மெதுவாகத்தான் வந்தது. வரும்வரை நடைமுறை எளிமையானது: எதைப் பார்த்தாலும் ஊது. இருவரும் ஊதி, இருவரும் வேறு வேறு திசையைக் காட்டினால், வயதில் மூத்தவர் கை நிற்கும், இளையவர் கை இறங்கும். சொந்தப் பள்ளி சாரே மூத்தவராக இருந்துவிட்டால் வந்த அணி முணுமுணுத்துக்கொண்டே பந்தைக் கொடுக்கும். பாரபட்சம் என்று பேச்சு எழும். பெரும்பாலும் பாரபட்சம் இல்லை. பதினான்கு மீட்டர் தள்ளி நிற்கிறவர் தனக்குத் தெரியாததை ஊதியதுதான் காரணம்.

இந்த விளையாட்டு பிறந்தபோது வேலைப் பிரிவினை தெளிவாகத்தான் இருந்தது என்பது வேடிக்கை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகள் எழுதினார். அதில் இரண்டு அதிகாரிகள். அம்பயர் ஆட்களைப் பார்ப்பார்: யார் இடித்தார், யார் பிடித்தார். ரெஃப்ரி பந்தைப் பார்ப்பார்: உள்ளே இருக்கிறதா, வெளியே போனதா, எந்த அணிக்கு. லைன் முழுக்க ஒருவர் பொறுப்பு. ஆனால் அன்றைய விதியில் கடைசியாகத் தொட்டது யார் என்ற கேள்வியே எழவில்லை. வெளியே போன பந்தை முதலில் யார் எடுக்கிறாரோ அவர் உள்ளே போடலாம். விளைவை ஊகிக்கலாம். பந்து மாடிக் கேலரிக்குள் விழுந்தால் இரண்டு அணியும் படியேறி ஓடின. தள்ளுமுள்ளு. சில ஊர்களில் கோர்ட்டைச் சுற்றிக் கம்பி வலையே கட்டிவிட்டார்கள், பந்து வெளியே போனால்தானே வம்பு என்று. பிறகுதான் கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்குப் பந்து என்ற விதி வந்தது. ஓட்டமும் சண்டையும் குறைந்தன. அந்தப் பாரம் முழுவதும் நடுவர் கண்ணில் இறங்கியது. பந்தை மட்டும் பார்த்தால் போதாது, பந்தைத் தொடும் கைகளையும் பார்க்க வேண்டும் என்றானபோது, ஆளுக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர் என்ற பழைய பிரிவினை நிற்கவில்லை. இடத்தைப் பிரித்துக்கொள்ளும் முறை வந்தது.

அந்த முறையைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாவட்ட அளவில் இன்றும் ஓடுவது இதுதான்.

கோர்ட் வடக்கு தெற்காக இருக்கிறது. ஓர் அணி வடக்குக் கூடையைத் தாக்குகிறது. ஒரு நடுவர் வடக்கு பேஸ் லைனுக்கு வெளியே, கூடைக்குப் பக்கத்தில், தெற்கே பார்த்து நிற்பார். இவர் லீட். இன்னொருவர் ஆட்டத்துக்குப் பின்னால், நடுக்கோட்டுக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் இடையில், மேற்கு ஓரமாக வடக்கே பார்த்து நிற்பார். இவர் டிரெயில். இருவரும் மூலைவிட்டமாக நிற்பதால் பத்து ஆட்டக்காரர்களும் அவர்களுக்கு நடுவில் அடைபடுகிறார்கள். இப்போது லைன்கள். லீடுக்கு அவர் நிற்கும் பேஸ் லைன், கூடவே அவருடைய இடது கைப் பக்கத்து சைடு லைன். டிரெயிலுக்கு அவருடைய இடது கைப் பக்கத்து சைடு லைன், கூடவே நடுக்கோடு. இருவரும் எதிரெதிராகப் பார்த்து நிற்பதால் ஒருவர் இடது கிழக்கு, மற்றவர் இடது மேற்கு. பயிற்சி முகாமில் இதை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: ரெண்டு பேருக்கும் இடது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பந்து பறிபோய் ஆட்டம் தெற்கே திரும்புகிறது. மேற்கு ஓரத்தில் இருந்த டிரெயில், அதே ஓரமாக ஓடித் தெற்கு பேஸ் லைனுக்குப் போய் லீட் ஆகிறார். இப்போது அவர் பார்ப்பது வடக்கே. அவருடைய இடது இன்னும் மேற்குதான். பழைய லீட் உள்ளே வந்து டிரெயில் ஆகிறார். அவர் இப்போது தெற்கே பார்க்கிறார், அவருடைய இடது இன்னும் கிழக்குதான். அதாவது ஆட்டம் எத்தனை முறை திரும்பினாலும் ஒருவரின் சைடு லைன் மாறுவதில்லை. ஃபவுல் விழுந்து இருவரும் இடம் மாற்றிக்கொள்ளும்வரை மலைக்கோட்டைப் பக்கத்து லைன் ஒருவருடைய சொத்து, எதிர்ப்பக்கத்து லைன் மற்றவருடைய சொத்து. பெயரும் பேஸ் லைனும்தான் மாறுகின்றன. மண் தரைக் காலத்தில் இதைத் தெரியாமல் ஊதியவர்கள் ஆட்டம் திரும்பும்போதெல்லாம் கோர்ட்டைக் குறுக்கே வெட்டி ஓடுவார்கள். பந்து கொண்டு ஓடும் பையனோடு மோதி விழுந்தவர்களும் உண்டு.

பிரித்துக்கொண்டால் மட்டும் போதுமா? பந்து கிழக்கு சைடு லைனில் வெளியே போகிறது. அது லீடின் லைன். ஆனால் கடைசி நொடியில் அவர் கூடைக்கு அடியில் நடந்த இடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஊத வேண்டும்; விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை உயர்த்தி நேரத்தை நிறுத்த வேண்டும்; திசை காட்டாமல் சக நடுவரைப் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தால் உடம்பருகே சின்னதாக ஒரு சைகை செய்வார். அதற்குப் பிறகு லீட் திசையைக் காட்டுவார். தீர்ப்பு லைன்காரருடையது, தகவல் துணைக்காரருடையது. எளிமையாகத் தெரிகிறது. ஆனால் கையை உயர்த்தி, திசை காட்டாமல் ஒரு நொடி நிற்க அன்றைய பி.டி. சார்களுக்கு மனம் வராது. தெரியவில்லை என்று ஆகிவிடுமே, மாணவர்கள் சிரித்துவிடுவார்களே என்ற பயம். பள்ளியில் பிரம்போடு நிற்கிறவர் மைதானத்தில் சந்தேகத்தோடு நிற்க முடியுமா? ஆகவே ஏதோ ஒரு திசையைக் காட்டிவிடுவார்கள், கம்பீரமாக. இன்றைய இளம் நடுவர்கள், அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், ஆட்டத்துக்குக் கால்மணி முன்பே சேர்ந்து நின்று இதைப் பேசிவைத்துக்கொள்கிறார்கள். ஊதிவிட்டுக் கூட்டாளியைப் பார்ப்பதில் அவர்களுக்குக் கூச்சமில்லை.

இருவருக்குமே தெரியவில்லை, அல்லது இருவரும் ஆளுக்கொரு திசை சொல்கிறார்கள் என்றால்? அன்று ஜம்ப் பால். பக்கத்து வட்டத்தில் இரண்டு பேரை நிறுத்திப் பந்தை மேலே போடுவார்கள், நெட்டையனுக்குக் கிடைக்கும். நடுவருக்குச் சந்தேகம் வந்தால் உயரமான அணிக்கு லாபம் என்பது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை. சிறுசுகள் நிறைந்த கிராமத்துப் பள்ளி அணிகள் இதில் நிறைய இழந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிபா அதை மாற்றியது. இப்போது ஆட்டத் தொடக்கத்தில் மட்டும்தான் ஜம்ப். அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால் நடுவர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்துவார். ஸ்கோர் மேஜையில் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து. அடுத்த முறை மற்ற அணிக்கு. நம் பள்ளிப் போட்டிகளில் அந்த அம்பு பெரும்பாலும் அட்டையில் வெட்டியது. அதைத் திருப்ப மறந்துவிட்டு மேஜையில் சண்டை நடப்பது தனிக் கதை. இருந்தாலும் “எங்களுக்குத் தெரியவில்லை” என்பதை விதியே ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டது நல்ல மாற்றம். அதன் பிறகு பொய்யாகக் கை நீட்ட வேண்டிய தேவை குறைந்தது.

2000க்குப் பிறகு ஆட்டம் வேகமெடுத்தது. தாக்குதலுக்கு 30 நொடி இருந்தது 24 ஆயிற்று. நடுக்கோட்டைக் கடக்க 10 நொடி இருந்தது 8 ஆயிற்று. பந்து அடிக்கடி கை மாறியது, நடுவர்கள் அதிகம் ஓடினார்கள். 2010இல் இன்னொன்று வந்தது. லைன் பார்க்கிறவர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. மூன்று புள்ளிக் கோட்டை ஃபிபா 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குத் தள்ளியது. நடுவில் இடம் இருக்கிறது, தள்ளலாம். மூலையில் எங்கே தள்ளுவது? கோர்ட்டின் அகலம் அதே 15 மீட்டர்தான். ஆகவே மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் சைடு லைனுக்கும் நடுவில் முன்பு 1.25 மீட்டராக இருந்த இடம் 90 சென்டிமீட்டராகச் சுருங்கியது. வளர்ந்த ஆளின் ஷூவே ஓர் அடி நீளம். பாஸ் வாங்கி, காலைச் சரிசெய்து, எதிராளி மேலே வந்து விழும்போது எறிய வேண்டியதெல்லாம் அந்த 90 சென்டிமீட்டருக்குள். முன்பாதம் முன் கோட்டில் பட்டால் மூன்று புள்ளி இரண்டாகிவிடும். குதிகால் பின் கோட்டில் பட்டால் பந்தே போய்விடும். நடுவில் தள்ளு விழுந்தால் ஃபவுல். மூன்றையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். தன் பக்கத்து மூலை என்றாலும் டிரெயில் அங்கிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளித்தான் நிற்கிறார். மூலை எறிதல் இன்று சின்னப் பையன்களுக்கும் பிடித்த எறிதல் ஆகிவிட்டது, டி.வி.யிலும் மொபைலிலும் அவர்கள் பார்ப்பது அதைத்தானே.

இதற்கு உலகம் கண்ட வழி மூன்றாவது நடுவர். அமெரிக்காவின் என்.பி.ஏ. 1988-89 பருவத்திலிருந்து நிரந்தரமாக மூவரை வைத்துக்கொண்டது. ஃபிபாவின் பெரிய போட்டிகளுக்கு அது இந்த நூற்றாண்டில் வந்தது. மூன்றாமவர் பெயர் சென்டர். டிரெயிலுக்கு எதிர்ப்பக்கம், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக, சைடு லைன் ஓரமாக நிற்பார். லீடுக்கு இப்போது பேஸ் லைன் மட்டும். டிரெயிலுக்குத் தன் பக்கத்து சைடு லைனும் நடுக்கோடும். சென்டருக்குத் தன் பக்கத்து சைடு லைன். பந்து எதிர்ப்பக்கம் போனால் லீட் பேஸ் லைன் வழியாக அந்தப் பக்கம் நகர்வார். அவர் நகர்ந்ததும் சென்டராக இருந்தவர் டிரெயில் ஆவார், டிரெயில் சென்டர் ஆவார். சைடு லைன்கள் அவரவரிடமே இருக்கும். நடுக்கோடு மட்டும் கை மாறும். இரண்டு பேர் முறையில் லீட் தனக்கு எட்டாத தொலைவுவரை ஒரு சைடு லைனைச் சுமந்தாரே, அந்தச் சுமை இங்கே இல்லை.

நம் வட்டாரத்துக்காரர்கள் நல்ல நடுவர்களைப் பார்த்துப் படித்த இடம் பெரியகுளம். வத்தலக்குண்டு வழியாக பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் மே மாதம் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு அகில இந்தியப் போட்டி அறுபதாவது ஆண்டைத் தாண்டிவிட்டது. ராணுவம், வங்கி, ரயில்வே என்று நாட்டின் பெரிய அணிகள் ஒரு சின்ன ஊருக்கு வந்து இரவு வெளிச்சத்தில் ஆடுவதைப் பார்க்க திண்டுக்கல்லிலிருந்து போகிற கூட்டத்தில் பாதி பேர் பி.டி. சார்கள். பந்தைப் பார்க்காமல் நடுவரையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆசாமிகளை அங்கேதான் முதலில் கண்டேன். “பாரு, பந்து அந்தப் பக்கம் போகுது, இவர் அசையவே இல்ல, அது இவர் லைன் இல்ல” என்று ஒருவர் பக்கத்துப் பையனுக்கு விளக்கியதிலிருந்துதான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது.

விசிலும் மாறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று உள்ளே தக்கை உருண்டை இருக்கும் விசில். எச்சில் பட்டு உருண்டை ஒட்டிக்கொண்டால் காற்றுதான் வரும். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் ஒரு சர்வதேச ஆட்டத்தில் அப்படி மாட்டிக்கொண்டு பட்ட அவமானத்தில்தான் உருண்டையே இல்லாத விசிலை உருவாக்கினார். 1987இல் அது சந்தைக்கு வந்தது. இன்று நம் ஊர் நடுவர் கழுத்தில் தொங்கும் ஃபாக்ஸ் 40 அதுதான். சத்தம் பலம். இரண்டு கோர்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அடுத்த கோர்ட் விசிலுக்கு இந்தக் கோர்ட் நின்றுவிடுவதும் உண்டு.

மேல்மட்டத்தில் இப்போது வீடியோ. ஃபிபா விதிப்படி கடைசிக் கால்பகுதியின் இறுதி இரண்டு நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலும் பந்தை வெளியே அனுப்பியது யார் என்று நடுவர்கள் திரையில் பார்த்து முடிவு செய்யலாம். என்.பி.ஏ.யில் 2019-20 பருவத்திலிருந்து பயிற்சியாளரே மறுபரிசீலனை கேட்கலாம். இந்த வசதி நம் மாவட்டத்துக்கு வருமா என்று எனக்குக் கவலை இல்லை. வந்த வீடியோ வேறு மாதிரி. பெற்றோர் மொபைலில் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அவுட் கொடுத்ததும் “சார், இங்க பாருங்க” என்று கோர்ட்டுக்குள் வருகிறார்கள். விதியில் அதற்கு இடமில்லை. சாய்ந்த கோணத்தில் எடுத்த மொபைல் படத்தில் லைனை மிதித்த கால் மிதிக்காதது போலவும் மிதிக்காத கால் மிதித்தது போலவும் தெரியும். ஓர் ஆட்டத்தில் நடுவர் சிரித்துக்கொண்டே அந்த அப்பாவின் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தார். பழைய பி.டி. சாராக இருந்தால் மொபைல் பறந்திருக்கும்.

சரி, இன்று இங்கே நிலவரம் என்ன? முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டி, பள்ளிகளின் குடியரசு தினப் போட்டிகள், கல்லூரிகள் நடத்தும் போட்டிகள் என்று ஆட்டம் அன்றைவிட நிறைய நடக்கிறது. தரை பெரும்பாலும் சிமெண்ட். வசதியான இடங்களில் சிந்தெடிக். லைன் காற்றில் பறப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறு குழப்பம்: ஒரே தரையில் கூடைப்பந்துக்கு ஒரு நிறம், வாலிபாலுக்கு ஒன்று, ஷட்டிலுக்கு ஒன்று என்று லைன்கள் பின்னிக் கிடக்கின்றன. வெயிலில் வெளுத்த பிறகு எது எதனுடையது என்று ஆடுகிறவர்களுக்கே தெரிவதில்லை. நடுவர்கள் பெரும்பாலும் இன்னும் இரண்டு பேர்தான். ஒரு நாளில் பத்து ஆட்டம் என்றால் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது?

மூன்று பேர் வைத்தால்தான் தரமான போட்டி என்று ஒரு பேச்சு இப்போது கிளம்பியிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி இல்லாத மூவர், பயிற்சி பெற்ற இருவரைவிட மோசம். இருவர் இருக்கும்போது யாரும் பார்க்காமல் விட்ட லைன் ஒன்று இருந்தால், மூவர் இருக்கும்போது மூவரும் சேர்ந்து பார்க்கும் லைன் ஒன்று இருக்கும். அங்கே மூன்று கை மூன்று பக்கம் நீளும். முதலில் இரண்டு பேர் முறை ஒவ்வொரு பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கும் பழகட்டும். ஒரு சனிக்கிழமை, ஒரு கோர்ட், பத்துப் பையன்கள் இருந்தால் போதும். “ரெண்டு பேருக்கும் இடது” என்பதை ஓடிக் காட்டிவிடலாம். மாவட்டக் கழகமும் கல்வித் துறையும் சேர்ந்தால் அதற்குப் பெரிய செலவு கிடையாது.

நடுவரால் செய்ய முடியாத ஒன்றும் பாக்கி இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக இங்கே மாறவே மாறாதது அது ஒன்றுதான்: லைனை ஒட்டி உட்காரும் கூட்டம். கோர்ட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் மைதானத்தில் லைனுக்கு வெளியே விரற்கடை தூரத்தில் கால்கள், பைகள், தண்ணீர் பாட்டில்கள், சில நேரம் பைக்கே நிற்கிறது. நடுவர் தன் லைனைப் பார்க்க வெளியே நின்றாக வேண்டும். நிற்க இடமில்லாததால் கோர்ட்டுக்குள் நிற்கிறார். உள்ளே நின்றால் லைன் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பிறகு அவர் கொடுத்த அவுட் தப்பு என்று, அவர் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களே கத்துகிறார்கள். பந்தைத் துரத்தி வந்து பார்வையாளர் மடியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பையன்களும் உண்டு.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கப் போகும்போது லைனிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.